பழைய பைக்கில் பேட்டரி இறங்கினால்: காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஹார்ன் கமறுகிறது. இண்டிகேட்டர் மின்னாமல் மங்கலாக எரிந்துகொண்டே நிற்கிறது. செல்ஃப் பொத்தானை அழுத்தினால் "டக்" என்ற ஒரு சத்தத்தோடு வண்டி அடங்கிவிடுகிறது. இவற்றில் எதைச் சொன்னாலும் பல பட்டறைகளில் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: பேட்டரியை மாற்றிவிடுங்கள். மாற்றியதும் வண்டி சரியாகிவிடவும் செய்யும். ஏனென்றால் புதுப் பேட்டரி எந்தக் கோளாறையும் கொஞ்ச நாளைக்கு மறைத்துவிடும். சார்ஜே ஏறாத வண்டியில்கூடத் தன் கையிருப்பை வைத்துக் காலத்தை ஓட்டும். கையிருப்பு கரைந்ததும் பழைய தொல்லை மறுபடி தலைகாட்டும். இந்த முறை கெட்டுப்போவது காசு கொடுத்து வாங்கிய புதுப் பேட்டரி.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். காரணங்கள் மூன்று வகைக்குள் அடங்கும். பேட்டரியால் மின்சாரத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. அல்லது என்ஜினிலிருந்து வரவேண்டிய சார்ஜ் வரவில்லை. அல்லது வண்டி சும்மா நிற்கும்போது மின்சாரம் எங்கோ கசிகிறது. ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் மூன்றில் எது என்பதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே நான் பேசுவது 1980களிலிருந்து சுமார் 2010 வரை நம் சாலைகளுக்கு வந்த வண்டிகளைப் பற்றி. ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சிசி வண்டிகள், யமஹா ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட், 2001க்குப் பிறகு வந்த பல்சர் வகையறா. 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிதான் கணக்கு. 6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் நான் தரும் பேட்டரி வோல்ட் அளவுகளைப் பாதியாக்கிக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை

இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கினால் பாதி சோதனைகள் தவறான பதிலைத் தரும். என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, ஹெட்லைட் சுவிட்சைப் போடுங்கள். எரியவில்லை என்றால் உங்கள் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து எரிவதில்லை. மேக்னட் காயிலிலிருந்து (என்ஜினோடு சுழலும் காந்தத்தால் மின்சாரம் உண்டாகும் கம்பிச் சுருள்) வரும் ஏசி மின்சாரத்தில் நேரடியாக எரிகிறது. ஸ்ப்ளெண்டர், ஆர்எக்ஸ் 100 இரண்டும் இந்த வகை. இதன் பொருள், ஹெட்லைட் பளிச்சென்று எரிவதை வைத்து "பேட்டரி நன்றாக இருக்கிறது" என்று முடிவு செய்யவே முடியாது. பேட்டரி முற்றிலும் இறந்திருந்தாலும் அது அப்படியேதான் எரியும். இந்த வண்டிகளில் பேட்டரியின் உண்மை நிலையைச் சொல்பவை ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் லைட், நியூட்ரல் விளக்கு ஆகியவை மட்டுமே.

அதே வண்டிகளில் பிளக்குக்கான தீப்பொறியும் பேட்டரியை நம்பியில்லை. தீப்பொறியை உண்டாக்கும் சிடிஐ பெட்டிக்கு மேக்னட்டுக்குள் தனிக் காயில் இருக்கிறது. ஆகவே பேட்டரி இறந்த ஸ்ப்ளெண்டர் கிக்கில் சாதாரணமாகவே கிளம்பும். கிளம்பவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில். பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் பிற்காலத்து வண்டிகள் பலவற்றில் சிடிஐ பேட்டரி மின்சாரத்தில் இயங்குகிறது. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் அவற்றைத் தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் தீப்பொறி வராது.

பிளாட்டினம் பாயிண்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுப்பு) வைத்த பழைய புல்லட் தனிச் சாதி. அதற்குத் தீப்பொறியும் பேட்டரியிலிருந்துதான். சாவியை ஆன் செய்து மறந்துவிட்டால், பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருக்கும் பட்சத்தில், இக்னிஷன் காயில் வழியாக 3, 4 ஆம்பியர் தொடர்ந்து ஓடும். 5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி ஒன்றரை மணி நேரத்துக்குள் காலி. காயிலும் கொதித்துக் கெடும். புல்லட்டில் ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்ப் மீட்டரை அலங்காரப் பொருளாக நினைப்பவர்கள் அதிகம். ஓடும்போது அதன் முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பழகியவருக்கு இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்படாது.

கையில் வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். சென்னை ரிச்சி தெருவிலும் எல்லா ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். 10 ஆம்பியர் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். ஒயர் சேர்த்த 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று, கம்பி பிரஷ், எமரி தாள், டிஸ்டில்ட் வாட்டர், ஸ்க்ரூ டிரைவர், 10 எண் ஸ்பேனர். தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் சிறிய ஹைட்ரோமீட்டரும் வேண்டும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க முடியாத சில விஷயங்கள் உண்டு. பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். கண்ணாடி அணியுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். பீடி, சிகரெட், விளக்கு எதுவும் அருகில் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் ஒயரை முதலில், மாட்டும்போது அதைக் கடைசியில். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் போல்ட்டைச் சுழற்றும் ஸ்பேனர் வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) பட்டால் அந்த இடமே தீப்பொறியாகிவிடும். வெள்ளி மோதிரமோ இரும்பு வளையமோ கையில் இருந்தால் கழற்றி வையுங்கள்.

கண்ணால் பார்த்தே பாதி தெரியும்

சைடு கவரைக் கழற்றியதும் மீட்டரை எடுக்காதீர்கள். முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூத்திருந்தால் அங்கே மின்சாரம் போகவும் முடியாது, வரவும் முடியாது. வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றினால் நுரைத்து அடங்கும். அந்தக் கரைசல் பேட்டரிக்குள் போகாமல் மூடிகள் இறுகியிருக்கட்டும். துடைத்து, எமரி தாளால் பளபளப்பாக்கி, இறுக்கி மாட்டியபின் மேலே மெல்லியதாக வாசலின் தடவுங்கள். மாட்டுவதற்கு முன் தடவக் கூடாது. இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிட்ட வண்டிகள் ஏராளம்.

அடுத்து ஃபியூஸ். பேட்டரி அருகிலேயே, பாசிட்டிவ் ஒயரில் இருக்கும். கண்ணாடிக் குழல் ஃபியூஸ்களில் கம்பி முழுதாகத் தெரிந்தாலும் உலோகத் தொப்பிக்குள் விட்டுப்போயிருக்கலாம். மீட்டரில் தொடர்ச்சியை, அதாவது மின்சாரம் அறுபடாமல் போகிறதா என்பதைப் பார்த்தால்தான் நிச்சயம். ஃபியூஸ் உட்காரும் பிடியும் துருவேறித் தளர்ந்திருக்கும். ஃபியூஸ் போயிருந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் போகும் வழியும் அடைபட்டுவிடும் என்பதை மறக்கக் கூடாது. ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் செம்புக் கம்பி சுற்றியிருப்பதைக் கண்டால் அன்றே மாற்றுங்கள். ஒயரிங் தீப்பிடிக்காமல் காப்பது அந்தச் சிறு துண்டுதான்.

தண்ணீர் ஊற்றும் வகையில் பெட்டியின் மீது மேல்கோடு, கீழ்கோடு இரண்டு இருக்கும். ஆறு அறைகளிலும் நீர்மட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கீழே இறங்கித் தகடுகள் காற்றில் தெரிந்தால், தெரிந்த பகுதி கெட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள், மீள்வது அரிது. டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், கூடுதல் ஆசிட் மூன்றுமே தவறு. ஆவியாகிப் போனது தண்ணீர். ஆசிட் உள்ளேயே இருக்கிறது. கத்திரி வெயிலில் என்ஜின் சூடும் சேரும்போது மட்டம் வேகமாக இறங்கும். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. ஒரே ஓர் அறையில் மட்டும் மட்டம் மற்றவற்றைவிட வேகமாக இறங்கினால் அந்த அறையில் கோளாறு தொடங்கிவிட்டது. எல்லா அறைகளும் ஒன்றாக, அடிக்கடி இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்காமல் ஆர்ஆர் யூனிட்டை (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்: ஏசியை டிசியாக்கி, சார்ஜின் அளவைக் கட்டுப்படுத்தும் பெட்டி) சந்தேகியுங்கள். அது அளவுக்கு மீறிச் சார்ஜ் தருகிறது.

பெட்டி உப்பியிருந்தாலோ விரிசல் இருந்தாலோ மேற்கொண்டு சோதிக்க வேண்டாம். அந்தப் பேட்டரியின் கதை முடிந்தது. ஆனால் உப்ப வைத்தது எது என்ற கேள்வி முடியவில்லை.

ஓய்வில் இருக்கும் வோல்ட்

வண்டியை இரவு முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளக்க வேண்டும். ஓட்டி நிறுத்திய உடனோ சார்ஜரிலிருந்து கழற்றிய உடனோ அளந்தால் தகடுகளின் மேற்பரப்பில் நிற்கும் தற்காலிகச் சார்ஜ் பொய் எண்ணைக் காட்டும். காத்திருக்க முடியாவிட்டால் சாவியைப் போட்டு ஒரு நிமிடம் பிரேக் லைட்டை எரியவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து அளக்கலாம்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் முனைகளிலேயே ஊசியை வையுங்கள். 12.6 முதல் 12.8 வரை இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்தான் மிச்சம். 11.8க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது. 10.5ஐ ஒட்டி நின்று, சார்ஜ் போட்டாலும் அதே இடத்துக்குத் திரும்பினால் ஓர் அறை உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது. ஓர் அறை சுமார் 2.1 வோல்ட், ஆறில் ஐந்து மட்டும் உயிரோடு இருப்பதன் கணக்கு அது. இதற்கு வைத்தியம் இல்லை.

சார்ஜ் ஏற்றி, வேலை வாங்கிப் பாருங்கள்

இறங்கிய பேட்டரியை வைத்து வேறு எந்தச் சோதனையும் செய்யக் கூடாது. முதலில் நிறைக்க வேண்டும். இங்கேதான் சிறிய பேட்டரிகள் அதிகம் கொல்லப்படுகின்றன. கிக் ஸ்டார்ட் மட்டும் உள்ள 100 சிசி வண்டியின் பேட்டரி வெறும் 2.5 ஆம்பியர்-மணி. பல்சர் போன்ற செல்ஃப் வண்டிகளில் 9. சார்ஜ் ஏற்ற வேண்டிய ஆம்பியர், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு: 2.5க்கு 0.25, 9க்கு 0.9. கார் பேட்டரிக் கடையில் கொடுத்தால், லாரி பேட்டரிகளோடு சேர்த்து வரிசையில் மாட்டி, சில மணி நேரத்தில் கொதிக்க வைத்துத் திருப்பித் தருவார்கள். அளவு பார்த்துச் சார்ஜ் செய்யும் கடையைத் தேடுங்கள், அல்லது பைக்குக்கான சிறிய சார்ஜர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து, பன்னிரண்டு மணி நேரம், காற்றோட்டமான இடத்தில், வண்டியிலிருந்து கழற்றி வைத்து.

பிறகு அப்படியே, எதிலும் மாட்டாமல், ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். இந்தக் காத்திருப்பைப் பெரும்பாலோர் தவிர்க்கிறார்கள். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை. தனியே வைத்த பேட்டரி ஒரே நாளில் 12.4க்குக் கீழே சரிந்தால் கோளாறு பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது. தனியே வைத்தால் நிற்கிறது, வண்டியில் மாட்டி நிறுத்தினால் மட்டும் இறங்குகிறது என்றால் வண்டியில் கசிவு. இரண்டிலும் நிற்கிறது, ஓட்ட ஓட்ட இறங்குகிறது என்றால் சார்ஜ் வரவில்லை. ஆரம்பத்தில் சொன்ன மூன்று வகைகளும் இந்த இடத்தில் பிரிந்துவிடுகின்றன.

வோல்ட் நின்றால் மட்டும் போதாது. வேலை கொடுத்தாலும் நிற்க வேண்டும். பல வருடம் ஓடிய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டிவிட்டு, ஹார்ன் அழுத்தியதும் 9க்கு விழும். தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிட்டதன் அடையாளம் இது. செல்ஃப் வண்டி என்றால் ஒருவர் பொத்தானை அழுத்த, மற்றவர் பேட்டரி முனையில் மீட்டரைப் பிடிக்கட்டும். என்ஜின் சுற்றும்போது 10 வோல்ட்டை ஒட்டியோ மேலேயோ நிற்க வேண்டும், 9.6க்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம். கிக் வண்டி என்றால் அந்த 21 வாட் பல்பை நேராகப் பேட்டரியில் மாட்டி ஒரு நிமிடம் எரியவிடுங்கள். சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். நல்ல பேட்டரி 12 வோல்ட்டை ஒட்டி நிற்கும். 11க்குக் கீழே வழுக்கிக்கொண்டே போனால் அதை நம்ப முடியாது.

செல்ஃப் அழுத்தும்போது வரும் சத்தமும் நிறையச் சொல்லும். "டக டக டக" என்று ரிலே படபடத்தால் வோல்ட் போதவில்லை: பேட்டரி அல்லது முனைகள். ஒரே ஒரு "டக்" வந்து அமைதி, ஆனால் மீட்டரில் வோல்ட் குறையவே இல்லை என்றால் ரிலேயின் உள்தொடுப்போ ஸ்டார்ட்டர் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். சத்தமே இல்லை என்றால் கிளட்ச் சுவிட்ச், பொத்தான், ஃபியூஸ் பக்கம் போங்கள்.

ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள் நிறைந்த பேட்டரியின் ஒவ்வோர் அறையையும் அளக்கட்டும். 1.26 முதல் 1.28 வரை வரவேண்டும். ஐந்து அறைகள் 1.27 காட்ட, ஒன்று மட்டும் 1.18 காட்டினால் அந்த ஓர் அறைக்காகப் பேட்டரியையே மாற்றத்தான் வேண்டும். தண்ணீர் ஊற்றிய உடனே அளக்க வேண்டாம், கலந்திருக்காது.

சார்ஜ் வருகிறதா

நல்ல, நிறைந்த பேட்டரியை மாட்டி வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் பழைய 100 சிசி வண்டிகள் பெரிதாக எதையும் தருவதில்லை; வோல்ட் சற்றே ஏறினால் சரி. ரேஸ் செய்யும்போதுதான் கதை தெரியும். டாக்கோ மீட்டர் இல்லாத வண்டியில், நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எழும் என்ஜின் ஒலியை நினைவில் வைத்து அந்த அளவுக்கு ரேஸ் செய்யுங்கள். 13.5 முதல் 14.8 வரை வந்தால் சார்ஜ் ஏறுகிறது. ஓய்வு வோல்ட்டை விட்டு நகரவே இல்லை என்றால் வரவில்லை. 15ஐத் தாண்டினால் ஆர்ஆர் யூனிட் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பேட்டரியை வேகவைத்து, பல்புகளையும் எரித்துக்கொண்டிருக்கிறது. ஹெட்லைட்டை அணைத்தும் போட்டும் இரண்டு முறை பாருங்கள். மீட்டர் தாறுமாறாகக் குதித்தால் பிளக் ஒயரிலிருந்து தள்ளி வையுங்கள். மலிவான மீட்டர்களுக்கு அந்தத் தீப்பொறி ஆகாது.

ஓடும் என்ஜினில் பேட்டரியைக் கழற்றி "வண்டி அணைகிறதா" என்று பார்க்கும் பழைய பழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பேட்டரி இல்லாதபோது வோல்ட் எகிறி பல்புகளும், டிசி வகை சிடிஐயும் போய்விடும்.

சார்ஜ் வரவில்லை என்றால் உடனே காயிலை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் ஆர்ஆர் யூனிட்டின் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகி) பாருங்கள். ஸ்ப்ளெண்டர் வகை வண்டிகளில் நான்கு ஒயர்கள்: வெள்ளை காயிலிலிருந்து சார்ஜுக்கு வருவது; மஞ்சள் விளக்குக்கானது; சிவப்பு பேட்டரிக்குப் போவது; பச்சை எர்த். ஹோண்டா வழி வந்த வண்டிகளில் பச்சைதான் எர்த் என்பதை மனதில் வையுங்கள். யமஹாவில் கறுப்புதான் எர்த். ஒரு வண்டியில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறும் இடம் இது. கப்ளருக்குள் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால், முள் பச்சையாகப் பூத்திருந்தால், தேடியது கிடைத்துவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் வரும் சார்ஜிங் கோளாறுகளில் பெரும்பங்கு இந்தக் கப்ளர்களில்தான்.

பிறகு கப்ளரைக் கழற்றிவிட்டு, காயில் பக்கத்து வெள்ளை ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே என்ஜின் அணைந்திருக்கும்போது ஓம் அளவைப் பாருங்கள். 1 ஓமை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ வரும். மீட்டர் ஒயர்களின் சொந்தத் தடையைக் கழித்துக்கொள்ளுங்கள். எண்ணே வராமல் திறந்த நிலை காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. எர்த்தோடு தொடர்பு இருப்பதைப் பார்த்து "ஷார்ட்" என்று பதற வேண்டாம். இந்தச் சிறு வண்டிகளில் காயிலின் ஒரு முனையே என்ஜின் உடலோடு எர்த் ஆக்கப்பட்டது. மூன்று மஞ்சள் ஒயர்கள் வரும் மூன்று ஃபேஸ் வண்டிகளில்தான் எர்த்தோடு தொடர்பு இருக்கவே கூடாது. அடுத்து மீட்டரை ஏசிக்கு மாற்றி என்ஜினை ஓட்டி அளந்தால், வேகம் கூடக்கூட வோல்ட் சீராக ஏற வேண்டும். சிடிஐக்குப் போகும் ஒயரைத் தொட்டுவிடாதீர்கள். அதில் வரும் வோல்ட் உதறித் தள்ளும்.

காயில் நன்றாக இருக்கிறது, கப்ளர் சுத்தம், ஆனால் பேட்டரியில் வோல்ட் ஏறவில்லை என்றால் எஞ்சுவது ஆர்ஆர் யூனிட்டும் ஒயரும் மட்டுமே. மீட்டரால் ஆர்ஆர் யூனிட்டை முழுமையாகச் சோதிக்க முடியாது. நன்றாக ஓடும் அதே மாடல் வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. விலை குறைந்த போலிகள் இந்தப் பொருளில் அதிகம். சென்னை புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ வாங்கினாலும் கம்பெனி உதிரிப்பாகம்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

அதற்கும் முன் ஒரு நிமிடச் சோதனை. வண்டி ஓடும்போது மீட்டரின் ஓர் ஊசியைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றைச் சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய இடத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இதேபோல் ஆர்ஆர் யூனிட்டின் சிவப்பு ஒயருக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையே பாருங்கள். வண்டிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தபின் பேட்டரி இறங்கத் தொடங்கியிருந்தால் எனக்கு முதலில் எர்த் போல்ட்டின் மீதுதான் சந்தேகம் வரும். அடியில் பெயின்ட் புகுந்திருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் பேட்டரி மெல்ல மெல்ல இறங்கும் வண்டிகள் உண்டு. காரணம் பெரும்பாலும் பிரேக் லைட். பின் பிரேக் பெடலின் சுவிட்ச் சிக்கிக்கொண்டால் பகல் முழுக்கப் பின்னால் 21 வாட் பல்பு எரிந்துகொண்டேயிருக்கும். ஓட்டுபவர் கண்ணில் படாது. நகர நெரிசலில், ஐடிலிலேயே பாதி நேரம் நிற்கும் 100 சிசி வண்டியால் அந்தச் செலவை ஈடுகட்ட முடியாது. கூடுதலாக மாட்டிய இரட்டை ஹார்ன், கூடுதல் விளக்குகளும் இதே கணக்கில் வரும்.

நிறுத்தியிருக்கும்போது கசிவு

சாவியை அணைத்து நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு ஊசியை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டரை நிறுத்துங்கள். வண்டி இழுக்கும் மின்சாரம் இப்போது மீட்டர் வழியாகத்தான் போகும். எண் மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் மில்லி ஆம்பியர் துளைக்கு மாற்றிப் பாருங்கள். இந்த நிலையில் சாவியைத் திருப்பவோ செல்ஃபைத் தொடவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். முடித்ததும் ஊசியை வோல்ட் துளைக்குத் திருப்பி மாட்டுங்கள். அப்படியே விட்டு அடுத்து வோல்ட் அளக்கப் போனால் பேட்டரியை மீட்டர் வழியாகவே ஷார்ட் செய்வீர்கள்.

கடிகாரமோ அலாரமோ இல்லாத பழைய வண்டியில் பூஜ்யமோ, அதிகம் போனால் 1 மில்லி ஆம்பியரோதான் வர வேண்டும். 20 மில்லி ஆம்பியர் சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் 2.5 ஆம்பியர்-மணி பேட்டரியை அது 125 மணி நேரத்தில், அதாவது ஐந்தே நாளில் காலி செய்துவிடும். ஊருக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்து வந்தால் ஹார்ன் அடிக்காததன் காரணம் இதுதான்.

மீட்டரைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பேட்டரியில் நேரடியாக மாட்டிய செல்போன் சார்ஜர் முதலில். போன் இல்லாதபோதும் அது கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். அடுத்து ஆர்ஆர் யூனிட்டின் கப்ளர். அதைக் கழற்றியதும் எண் பூஜ்யமானால் உள்ளே இருக்கும் டயோடு பின்னோக்கிக் கசிகிறது. யூனிட்டை மாற்ற வேண்டும். பிறகு சாவி சுவிட்சின் கப்ளர். தண்ணீர் இறங்கி, பல வருட அழுக்கு சேர்ந்த சாவி சுவிட்சுகள் அணைத்த பின்னும் முழுதாக அணைவதில்லை. எதைக் கழற்றினாலும் குறையவில்லை என்றால் ஒயரிங்கில் எங்கோ உறை உரிந்திருக்கிறது. டேங்குக்கு அடியிலும், ஹாண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியிலும், எலி கடிக்கும் சீட்டுக்கு அடியிலும் தேடுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

காரணத்தைச் சரிசெய்த பிறகே புதுப் பேட்டரி. அதே ஆம்பியர்-மணி அளவில் வாங்குங்கள். பெரிதாகப் போட்டால் பழைய மேக்னட் அதை நிறைக்க அதிக நேரம் பிடிக்கும். பழைய வண்டியில் சீல் செய்த பேட்டரி போடுவதாக இருந்தால் ரேஸ் செய்யும்போது 14.8ஐத் தாண்டவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அதில் போன தண்ணீரைத் திருப்பி ஊற்ற வழியில்லை.

ஆசிட் ஊற்றித் தரும் வகை வாங்கினால், ஊற்றியபின் அரை மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய ஆம்பியரில் முதல் சார்ஜ் போட்ட பிறகே வண்டியில் ஏற வேண்டும். அவசரத்தில் கடைக்காரர் அப்படியே மாட்டித் தர முன்வந்தால் மறுத்துவிடுங்கள். முதல் சார்ஜ் இல்லாமல் மாட்டிய பேட்டரி தன் முழுக் கொள்ளளவை எட்டுவது கடினம். வாயு வெளியேறும் துளையை மூடியிருக்கும் தொப்பியைக் கழற்றி, பிரீதர் குழாயை மாட்டி, அதன் நுனி செயினிலோ சைலன்சரிலோ சட்டத்திலோ படாமல் கீழே தொங்கவிடுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறிவிட்டால் ஆர்ஆர் யூனிட் அந்த நொடியே போகும்; மாட்டும்முன் முனைக் குறிகளை இருமுறை பாருங்கள். மாட்டிய அன்றே ஓய்வு வோல்ட், ரேஸ் செய்யும்போது வோல்ட், நிறுத்தியிருக்கும்போது கசிவு ஆகிய மூன்று எண்களையும் தேதியோடு சைடு கவரின் உட்புறத்தில் எழுதி வையுங்கள்.

பழையதைக் குப்பையில் போடாதீர்கள், பழைய இரும்புக்கும் போடாதீர்கள். உள்ளே ஈயமும் ஆசிட்டும் இருக்கின்றன. பேட்டரிக் கழிவுகளுக்கென 2022இல் வந்த மத்திய அரசின் விதிகள் அவற்றை முறையான மறுசுழற்சிக்கு அனுப்பச் சொல்கின்றன. புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் ஈயத்துக்கான மதிப்பைக் கழித்துக்கொள்வார்கள்.